வார்ப்பு

இரண்டு திரவங்களையும் கலந்து
பதினைந்து எண்ணுவதற்குள் ஊற்றிவிட வேண்டும்.
கறுப்புக் குப்பைப்பைக்குள் நுரை பொங்கும்,
சூடேறும்.
மார்ச் மாதம். மோஸ்ட் நகரம்.
பட்டறைக் கதவின் அடியில் பனிச்சேறு.
"அசையாதே" என்றேன்.
"முதுகு வேகுது, ஸ்டிஸ்லாவா."
"வேகட்டும்."
டோபியாஷுக்குப் பதினாறு வயது.
நிறுத்தி வைத்த வண்டிக்குள்
ஸ்டியரிங்கைப் பிடித்தபடி
அங்கே இல்லாத வளைவுகளுக்குக்
கண்ணைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

இறுகியதும் வெளியே எடுத்தோம்.
அவன் முதுகு அப்படியே இருந்தது:
இடது தோள் ஒரு நூல் தாழ்ந்து,
எட்டு வயதில் கார்ட் கவிழ்ந்து முறிந்த எலும்பு
ஒட்டிக்கொண்ட விதத்தில்.
இடுப்புக்குக் கீழே ஒரு பள்ளம்.
பையிலிருந்து எடுக்க மறந்த
வீட்டுச் சாவி.
பல் பல்லாக அதன் அச்சு.
கத்தியால் சீவிப் பார்த்தேன், முழுக்கப் போகவில்லை.
மேலே டேப் சுற்றிவிட்டேன்.

இந்த ஊருக்கு இடம் பெயர்வது புதிதில்லை.
நிலக்கரிக்காகப் பழைய ஊரையே தோண்டித் தின்றார்கள்.
தேவாலயத்தை மட்டும் தண்டவாளத்தில் ஏற்றி
நிமிடத்துக்கு ஒரு விரற்கடையாக
ஒரு மாதம் நகர்த்தினார்கள்.
சுரங்கத்து மண்ணைக் கொட்டிய மேட்டில்
இப்போது பந்தயத் தளம்.
நொடியில் நூறில் ஒரு பங்குக்காக
நாங்கள் இங்கே உறக்கம் கெடுகிறோம்.

எல்லாருக்கும் ஒரே சேஸி, ஒரே டயர்,
முத்திரையிட்ட ஒரே எஞ்சின்.
திறமை மட்டும் தெரியட்டும் என்று விதி.
விதி எழுதியவர்களுக்குப்
பயிற்சி நாட்களின் வாடகை
நினைவுக்கு வரவில்லை போல.
டோபியாஷின் அப்பா ஒஸ்ட்ராவாவில் கூரை ஓடு விற்பவர்.
மே மாதம் இரண்டாவது லாரியை விற்றார்.
ஜூனில் முதல் லாரியையும்.

ஜூலையில் ஒரு ஞாயிறு மழை கொட்டியது.
பதினொன்றாவதாகக் கிளம்பினான்.
ரப்பர் படிந்த வழக்கமான பாதை
எண்ணெயாக வழுக்க,
யாரும் போகாத வெளி விளிம்பில்
அவன் மட்டும் ஓட்டினான்.
ஹெட்செட்டில் அவன் மூச்சு மட்டும் கேட்டது.
மூன்றாம் இடம்.
மேடையில் ஷாம்பெயின் இல்லை, ஆப்பிள் சோடா.
வயது போதாது.
இறங்கி வந்தவன் வலது தோளைத் தேய்த்துக்கொண்டான்.
ஈரம் என்று நினைத்தேன்.

ஆகஸ்டில் முதலாளி க்ராஹுலெட்ஸ்
பையனிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னார்:
"இருக்கையைக் கழற்றிடு.
புதன்கிழமை டென்மார்க்கிலிருந்து மால்தே வர்றான்."
மால்தேயின் அப்பாவுக்குக் கப்பல்கள்.
"பையன் மோசமில்லை" என்றும் சொன்னார்.
எந்தப் பையன் என்று நான் கேட்கவில்லை.

கழற்றுவது என்ன பெரிய வேலை.
வார்களை ஒதுக்கினால் கையோடு வந்துவிடும்,
ஒரு கைக்குழந்தையின் எடைகூட இல்லை.
கையுறைகளை எடுக்க வந்த டோபியாஷ்
அதைத் தரையில் வைத்து உட்கார்ந்து பார்த்தான்.
பொருந்தவில்லை.
மார்ச்சுக்குப் பிறகு நான்கு சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறான்.
தோள் விளிம்புக்கு வெளியே பிதுங்கி நின்றது.
"எப்பலேர்ந்து?"
"ஜூன்."
"சொல்ல வேண்டியதுதானே?"
"புதுசு என்ன விலைன்னு எனக்குத் தெரியும்."
சட்டைக் கழுத்தை விலக்கிக் காட்டினான்.
காய்ப்பு, பழுத்து மஞ்சளாகிவிட்டது.

ரயில் நிலையம்வரை கொண்டுபோய் விட்டேன்.
"இது என்ன?" என்றார் பரிசோதகர்.
"நாற்காலி."
"கால் எங்கே?"
டோபியாஷ் சிரித்தான். அன்று முழுவதும் முதல் தடவை.
ஜன்னலோரம் அதை உட்கார வைத்துவிட்டு
தான் எதிரே உட்கார்ந்தான்.

புதன்கிழமை திரவங்களை அளந்து வைத்தேன்.
மால்தே வந்தான், மரியாதையான பையன்,
எங்கள் மொழியில் வணக்கம் சொல்லப் பழகி வந்திருந்தான்.
முதலில் பைகளைக் காட்டச் சொன்னேன்.
சாவி எதுவும் இல்லை.